வெளுக்காத பழுப்பு

அந்தக் குளிர்காலம் முடியும்வரை என் அக்காவின் இடது கை மணிக்கட்டுக்கு மேலேவரை பழுப்பாகவே இருந்தது. முயலுக்குச் சாயம் போட்ட கை அது. என் கடைக்கு வருகிறவர்கள் யாராவது கேட்டால், பட்டறை வேலையில் பட்டுவிட்டது என்று நான்தான் சமாளித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய தலைகுனிவு. நான் சலவைக் கடை வைத்திருப்பவள். துணியில் ஏறியதை இறக்குவதுதான் என் பிழைப்பு. அக்காவின் பிழைப்பு நேர் எதிர். அவள் தேவாலயங்களுக்கும் பெரிய வீடுகளுக்கும் வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்கிறவள். அவள் ஏற்றிய நிறம் காலாகாலத்துக்கும் மழையிலும் வெயிலிலும் நிற்க வேண்டும்.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு எதையும் அரைகுறையாக விடத் தெரியாது. எனக்குத் தலை பின்னிவிட்டால் மறுநாள் வரை ஒரு முடி கலையாது, கண் இரண்டும் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். படிப்பு அவளுக்கு ஏறவில்லை. கண்ணாடிப் பட்டறையில், துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டையைப் பற்றவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த புதிதில் பத்து விரலிலும் வெட்டுக் காயம். ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். நாலைந்து வருடத்தில் வெட்டுவது, வரைவது, சூளையில் சுடுவது எல்லாமே அவள் கைக்கு வந்துவிட்டது. பட்டறைக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஹோட்டல் கதவு, மாடிப்படி ஜன்னல் என்று ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். அவளுக்கு உயிர் மட்டும் எங்கள் ஊர்த் தேவாலயத்தின் கிழக்கு ஜன்னல்மேல்தான்.

அந்த ஜன்னலைப் பற்றி ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும், அவள் நிறுத்தமாட்டாள். உச்சியில் இருக்கும் துண்டுகள்தான் ஆகப் பழையவை. அந்தக் காலத்தில் நிறத்தைக் கண்ணாடிமேல் பூசவில்லை, உருகும்போதே உள்ளே கலந்தார்கள். கோபால்ட் போட்டால் நீலம், செம்பு போட்டால் சிவப்பு. சிவப்பு மட்டும் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு அடர்ந்துபோனதால், வெறும் கண்ணாடிமேல் அதை ஒரு மெல்லிய தோலாகப் படரவிடக் கற்றுக்கொண்டார்கள். கண், மூக்கு, உடை மடிப்பு எல்லாம் இரும்புத் துருவும் கண்ணாடித் தூளும் குழைத்து வரைந்து சுட்டவை. பல தலைமுறை கழித்து, வெள்ளி உப்பைத் தடவிச் சுட்டால் கண்ணாடிக்குள்ளேயே மஞ்சள் இறங்கும் என்று கண்டுகொண்டார்கள். கறை என்று மரியாதையாகச் சொல்லத் தகுந்தது உலகத்தில் அது ஒன்றுதான் என்பாள், என்னைச் சீண்டுவதற்காகவே. பிறகு ஒரு காலம் வந்தது. வண்ணம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, வெளிச்சம் போதும் என்றார்கள். பல ஊர்களில் பழைய ஜன்னல்களைப் பெயர்த்துப் போட்டுவிட்டு வெறும் கண்ணாடியைப் பதித்தார்கள். எங்கள் ஜன்னலின் கீழ்ப்பாதியும் அப்படித்தான் போனது. ஆசை திரும்பி வந்தபோது அதைப் புதிதாகச் செய்து வைத்தார்கள்.

அப்படிச் செய்து வைத்த கீழ் வரிசையில் நான்கு பருவங்கள் உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு முயல் உட்கார்ந்திருக்கும். கோடையில் பழுப்பு முயல், குளிர்காலத்தில் பனிமேல் வெள்ளை முயல். வரைந்தவன் எங்கள் மலையை நன்றாகப் பார்த்தவன். எங்கள் மலை முயல்கள் அப்படித்தான், வருடத்துக்கு இரண்டு முறை உடம்பின் நிறத்தை மாற்றிக்கொள்ளும்.

அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்ததே அந்த வெள்ளை முயலால்தான். அவர் மலைக்காவலர். அந்த முயல்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலையில் பாதி. தெருவில் எல்லோருக்கும் அவர் முயல் மாமா. அன்றைக்கு அக்கா சாரத்தில் உட்கார்ந்து ஜன்னலில் படிந்திருந்த புகைக்கரியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆள் திடீரென்று குரல் கொடுத்தார்.

"அது அழுக்கு இல்லங்க. அது அதோட காது நுனி."

உடம்பெல்லாம் வெளுத்தாலும் அந்த முயலுக்குக் காது நுனி மட்டும் கறுப்பாகவே இருக்குமாம். சரியாகச் சுடாமல் விட்ட கறுப்பு அது, இன்னும் நாலு தேய் தேய்த்திருந்தால் போயே போயிருக்கும். தன் வேலையில் யாராவது மூக்கை நுழைத்தால் அக்கா கடித்துக் குதறிவிடுவாள். இவரை மட்டும் ஏன் விட்டுவைத்தாள் என்று நாங்கள் மண்டையைக் குழப்பிக்கொண்டோம். அடுத்த வருடம் கல்யாணம் நடந்தபோது புரிந்தது.

அத்தான் அதிகம் பேசமாட்டார். பேசினால் முயல்தான். பகல் குறுகக் குறுக முயலின் உடம்பு வெளுக்கத் தொடங்கும், பனி விழுந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை என்பார். முன்பெல்லாம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வந்தன, ஒரு தொல்லையும் இல்லை. பிறகு பனி தள்ளிப்போக ஆரம்பித்தது. முதலில் ஒரு வாரம், இரண்டு வாரம். அப்புறம் மாதக்கணக்கில். கடைசியில் இரண்டு குளிர்காலம் பனி என்று சொல்லும்படி ஒன்றுமே விழவில்லை. மலை முழுக்க மண்ணும் காய்ந்த புல்லும். அதன் நடுவில் தும்பைப் பூ நிறத்தில் முயல்.

ஓடித் தொலையலாம் இல்லையா. அதுதான் இல்லை. வெள்ளை உடம்பு இருக்கிறது, யாருக்கும் நம்மைத் தெரியாது என்ற நம்பிக்கையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கழுகுக்குத் தேடுகிற வேலைகூட மிச்சம். அத்தான் மேலே போய்விட்டு வந்தால் இரவுச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அலுவலகத்தில் சொன்னார். உலகமே சூடாகிக்கொண்டிருக்கிறது, நம் மலைக்கு மட்டும் தனியாகப் பனி வாங்க முடியுமா என்று மேலதிகாரி கேட்டாராம். அவர் சொன்னதிலும் தப்பில்லை, அதுதான் கொடுமை. மூன்றாவது குளிர்காலமும் இப்படியே போனால் மலையில் முயல் என்று ஒன்று இருக்காது என்று அத்தான் எங்களிடம் சொன்னார்.

அந்த வருடம் கோடை முடிவதற்குள் காலம் தப்பி ஓர் ஆலங்கட்டி மழை வேறு அடித்தது. என் கடை வாசலில் நின்றிருந்த வண்டிகளின் கூரையெல்லாம் நசுங்கின. தேவாலயத்து ஜன்னலில் குளிர்காலப் பகுதியின் அடித்துண்டு மட்டும் சுக்குநூறாக உடைந்தது. வெள்ளை முயல் இருந்த இடத்தில் ஓர் ஓட்டை, அதில் ஓர் அட்டை. அதைச் செய்து கொடுக்கும் பொறுப்பை அக்கா ஏற்றுக்கொண்டாள். ஆனால் அவள் புத்தி அப்போது கண்ணாடி முயலில் இல்லை.

முயலுக்குப் பழுப்புச் சாயம் போடலாம் என்கிற யோசனை யாருடையது என்று இன்றுவரை இரண்டு பேரும் சொன்னதில்லை. அக்காவுடையதாகத்தான் இருக்கும். உருப்படியான மனிதர்கள் யாருக்காவது இப்படித் தோன்றுமா? அத்தான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். லேசாகப் போட்டால் போதும், மழைக்குக் கரைந்தாலும் பரவாயில்லை, மறுபடி பிடித்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

"மழைக்குப் போற நிறத்த நான் கையால தொடமாட்டேன்" என்றாள் அக்கா.

நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அதுதான் அவள், மாற்றவா முடியும் என்று நினைத்துக்கொண்டேன். அத்தானும் சிரித்தார்.

கண்ணாடிக்கு வரைகிற வண்ணத்தில் ஈயம் இருக்கிறது, முயல் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் அது ஆகாது. மரப்பட்டை, தேயிலைச் சக்கை, படிகாரம் என்று அடுப்பில் மாற்றி மாற்றிக் காய்ச்சினாள். வீடு முழுக்கக் கஷாய வாடை. ஒவ்வொன்றையும் முதலில் தன் இடது கையில் தடவினாள், பிறகு நக்கியும் பார்த்தாள். கடைசியில் தேறியதை என் வீட்டு வெள்ளைக் கம்பளி ஒன்றின் மூலையில் போட்டு, கடைக்குக் கொண்டுவந்து துவைக்கச் சொன்னாள். வெந்நீரில் போட்டேன், நிறம் நின்றது. சோப்பை மாற்றிப் போட்டேன், அப்போதும் நின்றது. நான் தோற்றுப்போய்க் கம்பளியை நீட்டினேன். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

முயல்கள் முழுக்க வெளுத்து முடிந்ததும் அத்தான் பிடிக்க ஆரம்பித்தார். காதில் அடையாளம் போடுவதற்காக அவர் வழக்கமாகப் பிடிப்பதுதான், யாரும் சந்தேகப்படவில்லை. காவல் குடிசையில் வைத்து வேலை நடந்தது. கடைத் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் நானும் மேலே போனேன். தலையைப் பையால் மூடிவிட்டால் முயல் அடங்கிவிடும். அத்தான் அதை மடியில் அணைத்துப் பிடித்துக்கொள்வார். அக்கா கண்ணாடிக்கு வரைகிற அகலத் தூரிகையால், ரோமத்தின் அடிவரை போகிற மாதிரி ஒவ்வொரு இழுப்பாகத் தடவினாள். முதுகு கொஞ்சம் அடர்த்தி, விலா கொஞ்சம் வெளுப்பு, கோடைக்கால முயலுக்கு எப்படி இருக்குமோ அப்படியே. காது நுனிக் கறுப்பை மட்டும் தொடவில்லை. நான் துண்டால் ஒத்தி எடுத்தேன். துண்டுக்கு அடியில் அதன் இதயம் அடித்துக்கொண்டதை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. விட்டதும் தாவிப் போய்ப் புல்லுக்குள் உட்கார்ந்தது. எங்கே உட்கார்ந்தது என்று அத்தானால்கூட எனக்குக் காட்ட முடியவில்லை.

மலையில் மிச்சமிருந்தவற்றில் முக்கால்வாசியை அப்படிப் பழுப்பாக்கிவிட்டார்கள். மீதி பிடிபடவில்லை. அதற்குப் பிறகு சில வாரங்கள், அந்த வீட்டில் நான் பார்த்த நல்ல வாரங்கள். தொலைநோக்கியை வைத்துக்கொண்டு தேடினால்கூடக் கிடைக்கவில்லை என்று அத்தான் வந்து சொல்லுவார். என்னமோ பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சொல்லுவார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அக்கா பழுப்புக் கையால் பரிமாறுவாள். மழை பெய்தது, பெரிய மழை. நிறம் அப்படியே இருக்கிறது என்று அவர் வந்து சொன்னபோது, போகாது என்று மட்டும் சொன்னாள்.

குளிர்காலம் பாதி தாண்டி, இனிமேல் எங்கே என்று எல்லோரும் விட்டுவிட்ட பிறகு, ஒரு விடியற்காலையில் பனி கொட்டியது.

தெருவே வெளியில் வந்துவிட்டது. கடைக்காரர்கள் கடையைத் திறக்காமல் நின்று பார்த்தார்கள். பிள்ளைகள் போட்ட கூச்சலில் காது செவிடாகிவிடும் போலிருந்தது. மலை முழுக்க ஒரே வெள்ளை. எனக்கு இருந்த குதூகலத்தில் உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "பார்த்தியாக்கா, வந்துடுச்சு" என்றேன். நானே பேசிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வெள்ளைக்கு நடுவில் முயலெல்லாம் பழுப்பு.

அத்தான் அதற்குள் மலைக்குப் போய்விட்டிருந்தார். பிடித்துக் குடிசைக்குள் அடைத்து வைத்தாவது காப்பாற்றிவிடலாம் என்று போனார். தொடைவரை புதைகிற பனியில் வலையை எங்கே விரிப்பது? முயலைத் தேட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. தூரத்திலிருந்தே எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. ஒவ்வொன்றும் அசையாமல் உட்கார்ந்திருந்தது என்றார். அவருக்குத் தெரிந்தது கழுகுக்கும் தெரிந்தது, நரிக்கும் தெரிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் இரண்டு பேரும் என் கடைக்கு வந்தார்கள். நான் கதவைச் சாத்தினேன். அத்தான் கோட்டுக்குள்ளிருந்து ஒரு முயலை எடுத்து, துணி மடிக்கிற மேசைமேல் வைத்தார். அவர் கையில் சிக்கியது அது ஒன்றுதான். இதற்குச் சாயம் போய்விட்டால் மற்றதற்கும் ஏதாவது வழி இருக்கும் என்று அவர் மனதில் ஒரு கணக்கு.

"எடுத்துடுடி" என்றாள் அக்கா. "எப்படியாவது எடு. உன்னால முடியும்."

அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டவள் இல்லை. கடுமையான மருந்து என்னிடம் இருந்தது, ஆனால் அதைப் போட்டால் தோல் வெந்துவிடும். கைக்குழந்தை துணிக்குப் போடும் சோப்பைக் கரைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் முயலின் முதுகை நனைத்துத் தேய்த்தேன். தண்ணீர் தெளிவாகவே ஓடியது. பழுப்பு ஒரு சொட்டு இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். முயல் நடுங்குவது நின்றபோது, சூடு ஏறிவிட்டது போல, கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அத்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பயத்திலேயே செத்துவிட்டது. காட்டு முயல் அப்படிப் போய்விடுமாம்.

மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றி நின்றோம். அவர் கத்தியிருக்கலாம். நான் லேசாகப் போடச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அக்காவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், ஒரு பாட்டம் அழுது தீர்த்திருப்பாள், எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் முயலின் ஈர ரோமத்தை விரலால் விலக்கி அடிவரை பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டிருக்க" என்றார்.

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அக்கா அந்தப் பக்கம் திரும்பி, அடுக்கி வைத்திருந்த துண்டுகளை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

பனி ஒன்றரை வாரம்கூட நிற்கவில்லை. அதுவரை பழுப்பு முயல்கள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு வெயில் அடித்து மலை மறுபடி மண்ணாகிவிட்டது. பிடிபடாமல் தப்பியிருந்த வெள்ளை முயல்கள் அந்த மண்ணில் வந்து உட்கார்ந்தன. அவற்றுக்கு என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாயமே போடாமல் இருந்திருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்காது என்று நான் அக்காவிடம் சொன்னேன். தெரியும் என்றாள். தெரிந்து என்ன பிரயோஜனம், அந்தப் பழுப்பு அவள் போட்டது.

கோடையில் அத்தான் வழக்கம்போல மலை ஏறினார், இறங்கினார். போனவுடன் திரும்பி வருகிற மாதிரி ஆகிவிட்டது. பார்த்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. தெருவில் முயல் மாமா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. அக்காவின் கையிலிருந்த நிறம் தோலோடு தோலாக மெல்ல மங்கிப் போனது. நகத்தடியில் மட்டும் கொஞ்ச காலம் இருந்தது.

ஜன்னலில் இன்னும் அட்டைதான் இருந்தது. பாதிரியார் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார், மூன்றாம் தடவை நேரிலேயே பட்டறைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள் அக்கா புதுத் துண்டைத் தேவாலயத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். அத்தானும் நானும் கூடப் போனோம். குளிர்காலப் பகுதி தலைக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது, ஓர் ஏணி போதும். ஈயப் பட்டைக்குள் துண்டை உட்கார வைத்து, ஓரத்தை அழுத்திவிட்டு அவள் கொஞ்சம் நகர்ந்தாள்.

முயலின் வடிவம் ஈயக் கோட்டில் இருந்தது. முதுகு வளைவு, மடங்கிய கால், நிமிர்ந்த காது, எல்லாம் அச்சு அசல். உள்ளே வெறும் கண்ணாடி. காது நுனி இரண்டு மட்டும் கறுப்பு. சுற்றிலும் பழைய வெண்பனி அப்படியே இருக்க, முயல் மட்டும் நிறமே இல்லாமல், பின்னால் இருந்த மலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பாதிரியார் தயங்கித் தயங்கி, வண்ணம் இனிமேல்தான் வருமா என்று கேட்டார்.

"இனிமே அதுக்கு நான் நிறம் போடமாட்டேங்க" என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான், பல வருடங்களுக்கு முன்பு நின்ற அதே இடத்தில் போய் நின்று, அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"காது நுனி சரியா இருக்கு" என்றார்.

"வேற என்ன தெரியுது?" அக்கா திரும்பாமலே கேட்டாள்.

"மலை தெரியுது."

அவர் இன்னும் ஏதாவது சொல்லுவார் என்று அவள் ஏணிமேலேயே நின்றாள். முயலுக்குள் தெரிந்த மலை பழுப்பாக, அசைவில்லாமல் கிடந்தது. அத்தான் கிட்டே வந்து, அவள் இறங்கி முடிக்கும்வரை ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.